மறுமுறை கேட்கக் கூடாது

அந்தப் பிள்ளைக்குப் பூஜ்யம் போட்டவன் நான்தான். போட்டது பெட்டி, நான் கையெழுத்து மட்டும்தான் போட்டேன் என்று எனக்கு நானே பலமுறை சமாதானம் சொல்லிப் பார்த்துவிட்டேன். எடுபடவில்லை.

என் வேலை வீட்டுக்கல்வி மதிப்பீட்டு அலுவலர். மத நம்பிக்கையின் பேரில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிப்பிக்கும் குடும்பங்கள் பெருகிப்போனதால் வந்த வேலை இது. சட்டம் அவர்களைத் தடுக்கவில்லை. உங்கள் சாமி உங்களோடு, பிள்ளைக்கு எழுத்தும் கணக்கும் உலக நடப்பும் தெரிந்தால் போதும் என்றது. தெரியாவிட்டால் பிள்ளை ஆறு மாதம் அரசு உறைவிடப் பள்ளியில் இருக்க வேண்டும். பிறகு மறுமதிப்பீடு நடக்கும், பிள்ளையின் விருப்பமும் கேட்கப்படும்.

இதை அநியாயம் என்பவர்கள் உண்டு. அவர்கள் நான் பார்த்ததைப் பார்த்திருக்க மாட்டார்கள். உலகம் முடியப்போகிறது என்று நம்பிய ஒருவர் மூன்று பிள்ளைகளை ஒன்பது வருஷம் வீட்டைவிட்டு வெளியே விடவில்லை. கதவை உடைத்து உள்ளே போனவர்களில் நானும் ஒருவன். மூத்தவளுக்குப் பதினாலு வயது. தன் பெயரை எழுதத் தெரியவில்லை. வெளியே கூட்டி வந்தபோது வெயில் தாங்காமல் இரண்டு கைகளாலும் கண்ணை மூடிக்கொண்டு அழுதாள். அன்றிலிருந்து இந்தச் சட்டத்தின் மேல் எனக்கு ஒரு சந்தேகமும் வந்ததில்லை. சந்தேகம் வராததுதான் என் வியாதி என்பது பிறகுதான் தெரிந்தது.

எங்களுக்குக் கொடுத்திருந்த கருவியின் பெயர் மதிப்பான். டிபன் பாக்ஸ் அளவுப் பெட்டி. பரீட்சைத் தாளும் கிடையாது, பேனாவும் கிடையாது. அதுவே கேள்வி கேட்கும், அதுவே பிள்ளையின் கண்ணையும் மூச்சையும் நாடியையும் பார்த்துக்கொள்ளும். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் அதற்கு முக்கியம். தெரிந்ததா, குத்துமதிப்பா, மனப்பாடமா என்று அந்த இடைவெளியை வைத்தே பிரித்துவிடும். லட்சம் பிள்ளைகளிடம் சோதித்த பெட்டி. தப்பாது என்றார்கள், நானும் அதையே எல்லோரிடமும் சொன்னேன்.

பிப்ரவரியில் ஒருநாள் உப்பளங்களைத் தாண்டிக் கடலோரமாக இருந்த அமைதிபுரத்துக்குப் போனோம். இருபது வீடுகள். எல்லாமே காத்திருப்புச் சபையைச் சேர்ந்தவை. எதற்குக் காத்திருக்கிறார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. ஆண்டவர் வருகைக்காக இருக்கும் என்று நானே முடிவுசெய்துகொண்டேன். நான் வேலூர்க்காரன், இந்தப் பக்கம் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

ஜீப் ஓட்டிய கொம்பையா உள்ளூர்க்காரர். வழியில் ஏதோ சொல்ல ஆரம்பித்தார்.

"சார், இந்தச் சபைக்காரங்க ஒரு தினுசு. அவங்ககிட்ட என்னன்னா..."

"ரோட்டைப் பாத்து ஓட்டுங்க கொம்பையா. எனக்குக் கதை வேணாம்."

அவர் ரோட்டைப் பார்த்து ஓட்டினார்.

நாங்கள் போன வீட்டுக்காரர் ஞானசிகாமணி. உப்பளத்தில் பாத்திகளுக்கு நீர் பாய்ச்சுகிறவர், ஐம்பது வயதிருக்கும். மனைவி லீதியாள். ஒரே மகள் எப்சிபா, பதினோரு வயது. சுவர் முழுக்கக் கரும்பலகை வண்ணம் அடித்து, அதில் பின்னக் கணக்கு எழுதியிருந்தது. பார்வைக்காக எழுதி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அந்த மாதிரி நிறையப் பார்த்திருக்கிறேன்.

"சார், அந்த நாற்காலியில உக்காராதீங்க, ஒரு காலு ஆடும். இதுல உக்காருங்க," என்றாள் எப்சிபா. "தண்ணி குடிக்கீங்களா, மோரு குடிக்கீங்களா?"

நல்ல வாயாடி. என் செருப்பு ஏன் இவ்வளவு கனமாக இருக்கிறது, ஜீப்புக்கு எத்தனை பல்லு என்றெல்லாம் கேட்டாள். பல்லு என்றது கியரை. எனக்குச் சிரிப்பு வந்தது.

பெட்டியை மேசையில் வைத்துப் பெற்றோருக்கு விளக்கினேன். விளக்க வேண்டும் என்பது விதி.

"இது நாப்பது கேள்வி கேக்கும். தெரிஞ்ச பதில்னா நாலு வினாடிக்குள்ள வந்துடும். யோசிச்சு சொல்றதுன்னா பத்து. அதுக்கு மேல போனா தெரியலைன்னு பதிஞ்சுக்கும்."

ஞானசிகாமணி பெட்டியையே பார்த்தார். "மறுபடி கேக்காதாய்யா?"

"கேக்காது. மறுமுறை கேட்டா அளவு கெட்டுப்போயிடும். முதல் தடவ வர்ற பதில்தான் உண்மையான பதில்."

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெட்டி முதல் கேள்வியைக் கேட்டது. முக்கால் பங்கில் பாதி எவ்வளவு? அதுவரை சளசளவென்று பேசிய பிள்ளை இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு அமைதியாகிவிட்டாள். பயந்த மாதிரி இல்லை, முழித்த மாதிரியும் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தாள். பெட்டி அடுத்த கேள்விக்குப் போனது. மழை எப்படி வருகிறது? அதற்கும் அப்படியே. ஐந்து, பத்து, இருபது என்று போய் நாற்பதும் முடிந்தது. ஒரு எழுத்துக்கூட அவள் வாயிலிருந்து வரவில்லை.

"கேள்வியை உள்வாங்கிய அடையாளம் இல்லை. பதில் தேடும் முயற்சி இல்லை. கற்பிக்கப்படாத குழந்தை," என்றது பெட்டி.

எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. மோர் வேண்டுமா என்று கேட்கத் தெரிகிறது, பாடம் என்றால் ஒன்றுமில்லை. வெயிலில் கண்ணைப் பொத்திக்கொண்டு அழுத அந்தப் பெண் நினைவுக்கு வந்தாள். சாமி பேரைச் சொல்லி இன்னொரு பிள்ளையின் வாழ்க்கை வீணாகிறது என்று நினைத்தேன்.

"இந்த மதிப்பீட்டுக்கு உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?" என்று பெற்றோரைக் கேட்டேன். இதையும் கேட்க வேண்டும் என்பது விதி.

ஞானசிகாமணி நேராக என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உண்டா, இல்லையா?"

லீதியாள் சேலைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேருடைய கண்களும் என் வாயையே பார்த்தன. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அன்றைக்கு இன்னும் இரண்டு வீடுகள் பாக்கி இருந்தன.

ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டி, வாரை இறுக்கிக்கொண்டு, திரும்ப உள்ளே போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். இரண்டு நாள் கழித்து வேன் போய் எப்சிபாவை அழைத்துப்போனது. அப்போது அலுவலர் உடன் இருக்க வேண்டியதில்லை என்று விதி சொன்னது. அந்த விதியை நான் ரொம்ப விரும்பினேன்.

ஏப்ரலில் ஞானசிகாமணி என் அலுவலகத்துக்கு வந்தார். வராந்தாவில் சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

"என்ன வேணும்?" என்றேன் போகிற போக்கில். எழுந்து நின்றார். பேசவில்லை. நான் உள்ளே போய்விட்டேன்.

மறுநாளும் இருந்தார். "என்னங்க, என்ன வேணும் உங்களுக்கு?" அதே மாதிரி எழுந்து நின்றார். பேசவில்லை. வாய் பேசாமல் தர்ணா செய்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது நாள் எரிச்சலில் கத்தியேவிட்டேன். "யோவ், என்னதான்யா வேணும் உனக்கு?"

"எம்பிள்ள வேணும் ஐயா," என்றார் உடனே, தெளிவாக. "நீங்க கேட்டுட்டீங்க. அதனால சொல்லுதேன்."

உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தேன்.

"தண்ணி வேணுமா, சோறு வேணுமான்னு கேட்டா ஒடனே சொல்லிப்புடுவோம். அது பேச்சு. சாட்சி சொல்ல வேண்டிய கேள்வின்னு ஒண்ணு இருக்கு. மெய்யா, பொய்யா, தெரியுமா, தெரியாதா, இந்த மாதிரி. அதுக்கு மூணாவது தடவ கேட்டாத்தான் வாயத் தொறக்கணும். சின்னதுலயே பிள்ளையளுக்குப் பழக்கிருவோம். மொத தடவ கேக்கயில கேக்கவனுக்கு அவசரம். ரெண்டாவதுல சொல்லுதவனுக்கு அவசரம். மூணாவதுல ரெண்டு பேரும் நெதானத்துல இருப்பாங்கன்னு எங்க சபைய ஆரம்பிச்சவரு சொன்னாரு. கேள்வி விழுந்ததும் மனசக் கீழ வச்சிட்டு இருக்கணும். அதுக்குத்தான்யா காத்திருப்புச் சபை."

"அன்னிக்கே இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேய்யா!"

"மறுபடி கேளுங்கன்னு மட்டும் சொல்லக் கூடாதுய்யா. கேக்கச் சொல்லி வாங்குதது கேள்வியில்ல, பிச்சை. நீங்க ரெண்டு தடவ கேட்டீங்க. இன்னொண்ணு கேப்பீங்கன்னு நின்னேன். உங்க வாயையே பாத்துக்கிட்டு நின்னேன்."

"ஒரு வழக்கத்துக்காகப் பெத்த பிள்ளைய விட்டுக்கொடுப்பீங்களா?"

"அதத்தான் நானும் எங்கிட்டயே கேட்டுக்கிட்டு இருக்கேன்," என்றார். "ரெண்டு மாசம் சபையில பேசுனோம். கூப்பிடாம ஒருத்தன் போய் நிக்கலாமான்னு. வேண்டாம்னுட்டாங்க. நான் வந்துட்டேன். லீதியா எங்கூடப் பேசி இருபது நாளாச்சு. சாமிக்குப் பயந்து வாய மூடிக்கிட்டேன்னு மத்தவங்ககிட்டச் சொல்லலாம். அவகிட்டச் சொல்ல முடியல."

அவர் போன பிறகு கொம்பையாவைக் கூப்பிட்டேன். இந்த வழக்கம் உமக்குத் தெரியுமா என்றேன்.

"இந்தப் பக்கம் கறிவேப்பிலை விக்கவனுக்குக்கூடத் தெரியும் சார். மூணாங்கேள்விக்காரங்கன்னுதான் சொல்லுவோம். அன்னிக்குச் சொல்ல வந்தேன். நீங்க கதை வேணாம்னுட்டீங்க."

பெட்டியில் அந்த நாளின் பதிவு இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. உண்டா, இல்லையா என்று அதட்டும் குரல். அதன் பிறகு ஒரு நீண்ட மௌனம், நான் எழுதும் சத்தம், நான் எழுந்து வாசலுக்குப் போகும் சத்தம். பிறகு எப்சிபா தாழ்ந்த குரலில் அம்மாவிடம் கேட்கிறாள்.

"எம்மா, நாப்பதும் எனக்குத் தெரியும். அந்தப் பெட்டி ஏன் ரெண்டாவது கேக்கவே இல்ல?"

நான் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த நேரம் அது.

அன்றைக்கே இணை இயக்குநருக்குப் போன் செய்தேன். அந்த மட்டில் நான் யோக்கியன்தான்.

"மேடம், ஒரு ஆர்டர் தப்பாயிடுச்சு. அந்தக் குழந்தைக்கு எல்லாம் தெரியுது. நம்ம கருவிதான்..."

"கருவி தப்புன்னு எழுதப் போறீங்களா?" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. "எழுதுங்க. உங்களுக்கு அதிகாரம் இருக்கு. ஒரு வாரத்துல பிள்ளைய அனுப்பிடுவாங்க. ஆனா நீங்க போட்ட மத்த ஆர்டர் எத்தனை?"

"நூத்திப் பதினாறு மேடம்."

"ஒண்ணைத் திறந்தா எல்லாத்தையும் திறக்கணும். கோர்ட்டுல உங்களைத்தான் நிறுத்துவாங்க. இன்னும் நாலு மாசத்துல எப்படியும் மறுமதிப்பீடு வருது. அதுல அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போயிடும். யாருக்கும் சேதாரம் இல்லாம முடிஞ்சுடும். யோசிச்சுக்கோங்க."

யோசித்தேன். நன்றாகவே யோசித்தேன். நான் போட்ட உத்தரவு ஒன்றுகூட அதுவரை மேல்முறையீட்டில் கலைந்ததில்லை. கல்யாண வீடுகளில்கூட அதைச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். அந்த நூற்றுப் பதினாறில் கண்ணைப் பொத்தி அழுத பெண்ணைப் போன்றவர்களும் இருந்தார்கள், அவர்களையும் திரும்ப அனுப்பிவிடுவார்களே என்று ஒரு நியாயத்தைக் கண்டுபிடித்தேன். அது முழுப் பொய்யும் இல்லை, அதனால்தான் அது எனக்கு அவ்வளவு வசதியாக இருந்தது. நான் எழுதவில்லை. ஏப்ரல் போய், மே போய், ஜூலையும் போனது. ஞானசிகாமணி மாதம் ஒருமுறை வந்து வராந்தாவில் உட்கார்ந்திருப்பார். மேலிடத்தில் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று அவர் கேட்காமலே சொல்லிவிடுவேன். கும்பிட்டுவிட்டுப் போவார்.

ஆகஸ்டில் மறுமதிப்பீடு. உறைவிடப் பள்ளி வாசலில் ஞானசிகாமணி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"உங்களால முடிஞ்சதையெல்லாம் செஞ்சிருப்பீங்கய்யா. நீங்க மூணாவது தடவ கேட்ட மனுசன்."

நான் கையை மெல்ல விடுவித்துக்கொண்டேன்.

விடுதிக் காப்பாளர் அம்மா பெருமையோடு உள்ளே அழைத்துப்போனார். "வந்தப்போ வாயே திறக்காது சார். மணி வச்சுப் பழக்கினோம். மணி அடிக்கிறதுக்குள்ள பதில் சொல்றவங்க சாப்பாட்டு வரிசையில முதல்ல நிக்கலாம். இப்போ பாருங்க, கேள்வி முடியறதுக்குள்ள பதில் வந்துடும்."

எப்சிபா வளர்ந்திருந்தாள். வணக்கம் சார் என்றாள். நாற்காலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, தண்ணீரா மோரா என்றும் கேட்கவில்லை.

பெட்டி கேட்கக் கேட்க அவள் பட்டுப்பட்டென்று சொன்னாள். நாற்பதில் முப்பத்தேழு சரி. மூன்று தப்பானது, கேள்வியை முழுக்கக் கேட்காமல் பதில் சொன்னதால். "மிகச் சிறந்த முன்னேற்றம்," என்றது பெட்டி. அந்த ஒரு வரி போதும், நான் பிப்ரவரியில் செய்தது நூற்றுக்கு நூறு சரி என்று ஆகிவிடும். வீட்டில் ஒன்றும் கற்பிக்கவில்லை, அரசு எடுத்து ஆளாக்கியது என்றுதான் பதிவு சொல்லும்.

கடைசியாக விருப்பக் கேள்வி. அப்பாவை உள்ளே அழைத்தார்கள்.

"எப்சிபா, நீ வீட்டுக்குப் போக..."

"இல்ல சார்."

நான் கேட்டு முடிக்கவே இல்லை. பெட்டி, விருப்பம் இல்லை என்று பதிந்துகொண்டது. ஞானசிகாமணியின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"நீங்களே கேளுங்க," என்றேன் அவரிடம்.

அவர் மகள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "எப்சி, வீட்டுக்கு வாரியாம்மா?"

அவள் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். கைகள் மெல்ல மடிக்குப் போயின. ஆறு மாதத்தில் முதல்முறையாக இருக்கும்.

"வீட்டுக்கு வாரியாம்மா?"

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எண்ணிக்கொண்டு நின்றேன். காப்பாளர் அம்மா எதுவும் புரியாமல் நின்றார். ஞானசிகாமணி மூன்றாவது தடவை கேட்கவில்லை. முழங்காலில் கையை ஊன்றி எழுந்துவிட்டார்.

"எப்பா," என்றாள் அவள். "இன்னொரு தடவ கேளுங்கப்பா."

அவர்கள் சபையில் யாரும் சொல்லக் கூடாத வார்த்தை. பெரியவரான அவர் ஆறு மாதம் சொல்லாததைப் பிள்ளை சொல்லிவிட்டாள். அவர் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதார்.

"கேக்க எனக்கு யோக்கியத இல்லம்மா. அன்னிக்கு நான் வாயத் தொறக்கல."

"ஏன் தொறக்கல?"

"சார் இன்னொரு தடவ கேப்பாருன்னு நெனச்சேன்மா." மூன்றாவது தடவைக்கு அவர் காத்திருக்கவில்லை.

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்க ஏன் சார் கேக்கல?"

"எனக்கு உங்க வழக்கம் தெரியாதும்மா."

அது உண்மைதான். அதோடு விட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

"இப்பத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்ப இருந்து தெரியும்?"

பெட்டியின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விருப்பக் கேள்வி முடிந்ததும் அதை அணைத்திருக்க வேண்டும், மறந்துவிட்டேன். அணைத்துவிட்டுச் சொல்லலாம் என்று என் கை அதை நோக்கிப் போனது. போனதையும் எழுதிவிடுகிறேன்.

"எப்ப இருந்து தெரியும் சார்?"

"எப்சிபா, சார்கிட்ட அப்படியெல்லாம் கேக்கக் கூடாது," என்றார் காப்பாளர் அம்மா.

அவள் கோபமாக இல்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தாள். இத்தனை வருஷ உத்தியோகத்தில் என் பதிலுக்காக யாரும் இப்படி உட்கார்ந்திருந்ததில்லை. நான் எவரையும் அப்படி இருக்கவிட்டதும் இல்லை. மூன்றாவது தடவை கேட்டபோது அவள் குரல் உயரவில்லை.

"எப்ப இருந்து தெரியும்?"

"ஏப்ரல்ல இருந்தும்மா," என்றேன். "உங்க அப்பா வந்து சொன்ன அன்னிக்கே தெரியும். நான் ஒரு கடிதாசி எழுதியிருந்தா அடுத்த வாரமே நீ வீட்டுக்குப் போயிருக்கலாம். எழுதல. என் பேரு கெட்டுடும்னு எழுதல. மேலிடத்துல பேசுறேன்னு உங்க அப்பாகிட்டச் சொன்னது பொய்."

"அலுவலரின் ஒப்புதல் பதியப்பட்டது. விதிப்படி உத்தரவு செல்லாது," என்றது பெட்டி. நாலு மாதமாக என்னால் எழுத முடியாததை எழுத அதற்கு இரண்டு வினாடி ஆனது.

ஞானசிகாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகள் பக்கம் திரும்பி, மூன்றாவது தடவை கேட்டார். அவள் அவசரப்படவில்லை. வராந்தாவில் எங்கோ மணி அடித்து ஓய்ந்தது.

"வாரேன்ப்பா," என்றாள்.

அவளுடைய துணிமணிகளைக் கட்டிக்கொண்டு வந்து இருவரும் புறப்பட்டார்கள். வாசலில் அவர் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். ஏன்யா இப்படிச் செஞ்சீங்க என்று கேட்பார் என்று நின்றேன். முதல் தடவையிலேயே பதில் சொல்லிவிடத் தயாராக இருந்தேன். அவர் என்னிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.